பிரதானப் பாடம்

விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் சின்னது.
மூன்றெழுத்துக்குத்தான் இடம்.
சினிமா என்று எழுதினேன், அடங்கியது.
துணைப்பாடம் பொருளாதாரம்
கோட்டைத் தாண்டி வெளியே போனது.
அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்:
"எத்தன மணிக்கு உடுவாங்க?"
கொழிஞ்சாம்பாறையில் கடைசி பஸ் ஆறே முக்கால்.

முதல் பருவம் முழுக்க
கேமராவை யாரும் கையில் தரவில்லை.
ஒருவன் கதவைத் திறக்கிறான். பதினொரு நொடி.
அதையே நாற்பது முறை ஓட்டிப் பார்த்து
எட்டுப் பக்கம் எழுதச் சொன்னார் லேகா மிஸ்.
பன்னிரண்டாம் முறை
கதவுக்குப் பின்னால் காலண்டர் இருந்தது.
முப்பதில் அது என்ன மாதம் என்று தெரிந்தது.
நாற்பதில்,
திறந்தவன் எங்கேயோ அழுதுவிட்டு
முகம் கழுவி வந்திருக்கிறான்.
அடுத்த மணி பொருளாதாரம்.
தேவை ஏறினால் விலை ஏறும் என்றார்கள்.
நான் இன்னும் அந்தக் கதவருகே நின்றிருந்தேன்.

பிறகு பயிற்சி:
நான்கு நிமிடம், ஒரே ஷாட்,
வெட்டக் கூடாது, யாரும் பேசக் கூடாது.
ஜிஷ்ணு அணைக்குப் போனான்.
ஷஹ்மா ஸ்டேஷனில் ஒரு காலி பெஞ்சைப் பிடித்தாள்.
நான் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
பால் பரிசோதிக்கும் ஷெட்டுக்கு எதிரே
முக்காலியை ஊன்றினேன்.

ஓணத்துக்கு நாலு நாள்.
கோயமுத்தூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் டேங்கர்.
வெள்ளைக் கோட்டில் அம்மா,
பதிவேட்டில் கே. மயிலாத்தாள்,
நீளக் கரண்டியால் ஒரு வாய் பால் மொண்டு
குழாயில் ஊற்றி
மருந்து இரண்டு சொட்டு விட்டு
நிறம் மாறுகிறதா என்று நிற்கிறாள்.
டிரைவர் அந்தக் குழாயைப் பார்த்தபடி
பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவன் மாதிரி.
இரண்டாம் நிமிடம் ஒரு ஆடு
கேரளாவிலிருந்து வந்து
சாக்கை மோந்து பார்த்துத் திரும்பிப் போனது.
மூன்றரையில் அம்மா தலை நிமிர்ந்தாள்.
நேராக லென்ஸைப் பார்த்தாள்,
இதில் என்ன கலந்திருக்கிறது என்பது போல.

வகுப்பில் திரை போட்டார்கள்.
"ஆ நோட்டத்தினு முன்னே நிறுத்தாமாயிருந்நு" என்றாள் ஷஹ்மா.
மிஸ் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
பிறகு, "அந்தப் பால் நல்ல பாலா?"

எனக்குத் தெரியவில்லை.
வெளிச்சம் தெரியும், ஃபோகஸ் தெரியும்,
ஆடு எத்தனை அடி வைத்தது என்பதுகூடத் தெரியும்.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன்.
"எந்த வண்டி? அன்னிக்கு எழுவத்தி மூணு."
மொபைலில் காட்டினேன்.
டிரைவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.
"நல்ல பாலுதான்.
கெட்டிருந்தா இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பான்ல.
நீதான் பேசக் கூடாதுன்னு வெச்சிருக்கியே."

அப்புறம் சோற்றுப் பானையைக் கவிழ்த்துக்கொண்டே,
"இன்னொரு தடவ எடுத்தா
முன்னாலயே சொல்லு கண்ணு.
கோட்டுல பொத்தான் ஒண்ணு இல்ல."

மறுபடி ஓட்டினேன்.
மேலிருந்து மூன்றாவது.
அங்கே ஊக்கு குத்தியிருந்தாள்.
நான் அதுவரை
நாற்பது முறைக்கு மேல் பார்த்திருந்தேன்.