முப்பத்தெட்டு

தொண்டைக்குள் ஏதோ இருக்கிறதென்று
நான் சொல்லத் தொடங்கியது போன மாரியில்.
விழுங்கினால் இறங்காது, காறினால் ஏறாது.
சோற்றுக்கு வழி விடும்,
வெறும் எச்சிலுக்கு விடாது.

ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்.
மீன்முள் என்றாள் மச்சாள் கோசலை.
மறந்துபோன நேர்த்திக்கடன் என்றார்
புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் விற்கிற கடைக்காரர்.
முதியோர் இல்லச் சமையலறையில்
என்னோடு கரட் சீவும் போர்த்துக்கீசக்காரி லுர்டெஸ்
அழாமல் விட்ட அழுகை அது,
அழுதுவிடு, கரையும் என்றாள்.

எனக்கு அதுதான் பிடித்திருந்தது.
கூரை போடாமல் நின்ற வீடு, கடிதம் போடாத அண்ணன்,
தொண்ணூற்றாறில் பாதியில் விட்ட ஒரு சொல்...
ஒவ்வொன்றாய்க் கொடுத்து அதை வளர்த்தேன்.
வெங்காயம் வெட்டும்போது முயன்றும் பார்த்தேன்.
கண்ணீர் வந்தது.
அது அசையவில்லை.

காலையில் தலை பாறாங்கல்.
ஓல்டனில் ஏறி லாங்கென்தாலில் இறங்க வேண்டியவள்
ஹெர்ட்சோகன்பூக்ஸேயில் கண் விழிக்கிறேன்,
ஒரே மாதத்தில் நாலு தரம்.
டிக்கெட் பார்ப்பவருக்கு என் முகம் பழகி
தண்டம் எழுதாமல் போகிறார்.
தொலைபேசியில் தங்கச்சி கேட்டாள்:
"என்னடி, வாய்க்குள்ள சுடுகிழங்கை வச்சுக்கொண்டோ கதைக்கிறாய்?"

டொக்டர் ஏபிஷருக்குக் குளிர்ந்த கை.
மூக்குக்குள் கசப்பு மருந்து விசிறி
நூடில்ஸ் தடிப்பில் ஒரு கமராவை
மெல்ல உள்ளே விட்டார்.
ஈ சொல்லச் சொன்னார். சொன்னேன்.
நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.
திரையில் என் நாக்கின் வேர்.
நாற்பத்தேழு வருடமாய்க் கதைத்ததெல்லாம்
இதன் மேலால்தான் போயிருக்கிறது.
முகம் பார்ப்பது இன்றைக்குத்தான்.

பாகற்காய்த் தோல்போல
முண்டும் முடிச்சுமாய், ஈரமாய், ரோஸ் நிறத்தில்,
ஒன்றையொன்று நெருக்கியடித்து
மூச்சுக்குழலின் மூடியைப்
பின்னுக்குத் தள்ளிக்கொண்டு.
அழுகை இல்லை. அண்ணன் இல்லை.
சதை.

சின்ன வயதில் டொன்சில் எடுத்ததா என்று கேட்டார்.
எடுத்தது. ஒன்பது வயதில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி.
இரண்டு நாள் ஐஸ்பழம்;
வீட்டில் எல்லாருக்கும் பொறாமை.
பக்கங்களில் நின்ற இரண்டும் போனபின்
அடியில் நின்றவை அந்த வேலையையும் ஏற்று
இப்படிப் பெருத்திருக்கலாம் என்றார்.
இரவில் வயிற்றுப் புளிப்பு ஏறிவந்து
அவற்றைச் சுட்டும் இருக்கலாம்.
குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா?

இல்லை என்றேன்.

பக்கத்துக் கதிரையில் குணசீலன்
ஜாக்கெட் சிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார்.
பிறகு ஜேர்மனில் சொன்னார்,
எனக்கில்லை, டொக்டருக்கு:
மூன்று வருடமாய் நிற்கிறது.
நின்றால் எண்ணுவேன்.
பதினைந்து, இருபது. ஒருநாள் முப்பத்தெட்டு.
முப்பதைத் தாண்டினால் தோளைத் தட்டுவேன்,
திரும்பிப் படுப்பாள்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.
எனக்குக் காது சுட்டது.

ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன்.
"ஒரு பொம்பிளையிட்டப் போய்
நீ குறட்டை விடுறாய் எண்டு எப்பிடிச் சொல்லுறது?
வெக்கப்படுவாய்."

முப்பத்தெட்டு.
பஸ் தரிப்பில் மூச்சைப் பிடித்து
நானும் எண்ணிப் பார்த்தேன்.
இருபத்திரண்டில் நெஞ்சு அடித்தது,
இருபத்தேழில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை மங்கியது.
அவர் ஒன்றும் பேசாமல்
தோளைத் தட்டினார்.

இப்போது கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே
இரண்டு மரக்கட்டை.
விடியும்போது இருவரும்
கால்மாட்டில் குவிந்து கிடக்கிறோம்.
சாப்பாட்டுக்கு முன் ஒரு குளிசை, எட்டு மணிக்குப் பிறகு பட்டினி.
ஐப்பசியில் தூக்கம் அளக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்,
வெட்டுவதா விடுவதா என்பது அதற்குப் பிறகு.

லுர்டெஸிடம் சொன்னேன்.
சதையா, வெறும் சதையா என்றாள்,
ஏதோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல.
கொஞ்சம் யோசித்து
வெங்காயக் கூடையை
என் பக்கம் தள்ளிவிட்டாள்.