நமது நிருபர்

கோப்பில் அறுநூற்றுப் பதினேழு துண்டுகள்.
தேதிவாரியாக ஒட்டியிருந்தேன்.
மைதாப் பசை கனத்த இடங்களில்
பூச்சி ஓட்டை.

ஓசூரில் மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு
என் வயதுதான் இருக்கும்.
பத்துப் பக்கம் புரட்டினார்.
"இதுல உங்க பேரு எங்கங்க?"

எல்லாத் துண்டின் தலையிலும்
ஒரே பெயர்:
நமது நிருபர்.
அது நான்தான் என்றேன்.
சொல்லும்போதே
எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

மூன்று வருடம்.
சென்டிமீட்டருக்கு ஒன்பது ரூபாய்.
மாரண்டஅள்ளியில் டிராக்டர் கவிழ்ந்து இருவர் பலி,
ஆறு சென்டிமீட்டர்.
மூன்றாமவர் மறுநாள்
தருமபுரி ஆஸ்பத்திரியில் இறந்தார்.
அவருக்கு இரண்டு.
அந்தப் பதினெட்டு ரூபாயில்
நாலு ரோட்டில் ஒரு டீ, ஒரு வடை.
வடை ஆறியிருந்தது.
தின்றேன்.

தக்காளி விலைக்கு மட்டும்
தினமும் தவறாமல் ஒரு சென்டிமீட்டர்.
விடியுமுன் பாலக்கோடு மார்க்கெட்டில் நிற்பேன்.
ஏலம் கூவும் சென்றாயன் சிரிப்பார்:
"பெட்டி நாப்பதும்மா, எழுதிக்க.
எழுதினா ஏறிடுமா?"
ஏறவில்லை.
ஆனால் வராத நாளில் போன் செய்வார்,
"இன்னிக்கு வெலயக் காணோமே பேப்பர்ல?"
விலையே அவர் சொல்வதுதான்.

ஆடியில்
தருமபுரிப் பக்கம் சேலத்துக்குள் போனது.
இரண்டு பக்கம் ஒன்றாகி
ஒன்று அரையாகி
அந்த அரையிலும் நகைக்கடை வந்து உட்கார்ந்தது.
எங்கள் மாடி அறையைக்
கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரே எடுத்துக்கொண்டார்.
சேலத்திலிருந்து வாட்ஸ்அப்பில்:
"வீடியோ இருந்தா அனுப்புங்க.
பணம் பத்தி மேல பேசிக்கிட்டிருக்கோம்."
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கூடப் படித்த ஷாகிரா
கட்சிக்காரர் ஒருவருக்கு ரீல்ஸ் வெட்டுகிறாள்.
ஒன்றாம் தேதி சம்பளம்.
முனிராஜ் குழுக்கடன் வசூலுக்குப் போகிறான்.
விடாமல் கேள்வி கேட்பவன் என்று
எடுத்துக்கொண்டார்களாம்.

மேஜைக்காரர் கோப்பை மூடினார்.
"கண்ணு நல்லாத் தெரியுமா?"
தெரியும்.
போன் திரையில் ஒரு மில்லிமீட்டர் கீறலைக்
கண்டுபிடிக்க வேண்டும்,
மணிக்கு இருநூறு திரை.
சென்டிமீட்டரிலிருந்து இறங்கி வந்திருக்கிறேன்.

அடையாள அட்டை கொடுத்தார்கள்.
வே. நாகஜோதி.
கொட்டை எழுத்தில், படத்தோடு.
அச்சில் என் பெயர் முதல் தடவை.
அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து
பின்பக்கத்து விதிமுறை வரை படித்தார்.
என் செய்தி எதையும்
அவர் அப்படிப் படித்ததில்லை.

கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கு.
நேற்று ராயக்கோட்டை தாண்டியதும்
மினி லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது.
ஹெட்லைட் போன தூரம் வரை தக்காளி.
டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை,
குனிந்து ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
பஸ் மெல்ல ஒதுங்கி, நசுக்கிக்கொண்டே போனது.
உள்ளே நாற்பது பேரும் தூக்கம்.
ஜன்னலில் என் மூச்சு படிந்த இடத்தில்
விரல் பாட்டுக்கு எழுதியது:
ராயக்கோட்டை, டிச. 11:
அதற்கு மேல் ஓடவில்லை.
எத்தனை பெட்டி, யார் காட்டுச் சரக்கு,
எந்த ஊருக்கு
இறங்கிக் கேட்டால்தானே தெரியும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில்
சென்றாயனைக் கூப்பிட்டேன்.
"பெட்டி எவ்வளவு?"
"நீதான் இப்ப எழுதறதில்லியேம்மா."
"சும்மாதான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஏலக்குரல்கள்.
"நூத்திப் பத்து."

உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.
திரும்ப உள்ளே போகுமுன்
வாசலில் இருந்த பெண்
சோப்பைக் காட்டினாள்.