பதினைந்தாவது மாற்று

மூன்று சுற்றுக்கு நான்,
மூன்று சுற்றுக்கு இன்னொருத்தி.
எங்கள் கோச் ரெனாட்டா கோஸிசெக்
ஓர் இடத்தை இப்படித்தான் இரண்டாக நறுக்குவாள்.

கையகலச் சீட்டு. ஆறு கட்டம்.
பெயர் கிடையாது, முதுகில் இருக்கும் எண் மட்டும்.
ஒன்றாம் கட்டத்தில் பதினேழு. அது நான்.
வலது பின்மூலை. அங்கிருந்து நடு, நடுவிலிருந்து இடது மூலை.
அடுத்த அடி முன்வரிசை;
அதற்குள் விசில் ஊதிவிடும்.
கோட்டருகே ஓடெஸ்ஸா வீபே கை நீட்டி நிற்பாள்.
உள்ளங்கையில் ஒரு தட்டு.
அவள் உள்ளே, நான் வெளியே.

ஆறடி மூன்றங்குலம் அவள்.
என் ஐந்தடி நான்கை வலையோரம் நிறுத்துவது
மதிலைக் கட்டிவிட்டு
நடுவில் ஒரு கல்லை உருவுவதுபோல.
எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்;
நான் இரண்டுக்கும் பிந்தியவள்,
பரிமாறுகிறவள்.
ஜோஸ்லினுக்குத் தாழ்வாக, சூடாக.
இடதுகோடிக்காரிக்கு உயரமாக, நிதானமாக.
சாப்பிடுவது அவர்கள்.
பலகையில் ஏறுவது அவர்கள் எண்.

நவம்பர், நெப்ராஸ்கா.
வெளியே அறுத்த சோளத்தட்டையின் மேல் பனி.
உள்ளே நான்காவது செட், இருபத்து மூன்றுக்கு இருபத்து நான்கு.
தெயூய்லா தரையோடு தரையாக விழுந்து எடுத்த பந்தை
ஜோஸ்லின் முடித்தாள்.
சமம். சுழற்சி.
பழக்கத்தில் என் உடம்பு பாதி திரும்பிவிட்டது.
ஓடெஸ்ஸா வந்து நிற்கிறாள், கை நீட்டியபடி.
குறிப்பு மேசைப் பெண் தலையசைக்கிறாள்:
பதினைந்து மாற்றும் தீர்ந்துபோயிற்று.
கடைசி ஒன்றை ஒரு சர்வுக்காகச் செலவழித்திருந்தாள் கோச்.
அந்த சர்வ் வலையில் விழுந்திருந்தது.

ஓடெஸ்ஸாவின் கை
கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் இருந்தது.

சர்வ் அடிக்கும் வரை இடதுகோடியில் நின்றேன்,
அடித்ததும் வலதுகோடிக்கு ஓடினேன்.
எதிரே டகோட்டா அணியின் ஒன்பதாம் எண்
என்னைத் திறந்து கிடக்கும் கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
தாவினேன், எண்சாண் உடம்பையும் இழுத்துக்கொண்டு.
என் விரலுக்கு மேலே
ஒரு சாண் இடைவெளியில் போயிற்று பந்து.

இப்போது அவர்கள் சர்வ்.
தெயூய்லா அதைப் பூப்போல என் தலைக்கு மேல் ஏற்றினாள்.
நடுவில் நின்ற அவர்களின் நெட்டைப்பெண்
என்னை விட்டுவிட்டு ஜோஸ்லினோடு எழும்பினாள்.
என் ஆட்டம் முழுவதையும் படமாகப் பார்த்தவள் அவள்;
பதினேழு பின்வரிசைப் பெண், தட்ட மாட்டாள் என்று
மனப்பாடம் செய்து வந்தவள்.
நான் தட்டினேன்.
இடது கையால், சும்மா, ஒரு பூச்சியை ஓட்டுவதுபோல.
பந்து அவள் காலுக்குப் பின்னால் விழுந்தது.

பலகையில் என் எண்.

அடுத்த பந்தில் ஒன்பதாம் எண் மறுபடி என் கதவுக்கே வந்தாள்.
இந்த முறை விரல் பட்டது.
மோதிர விரல், நுனி.
பந்து எங்கள் பெஞ்சுக்கு மேல் பறக்க
தெயூய்லா நாற்காலிகளுக்குள் பாய்ந்தும் எட்டவில்லை.

பிறகு நடந்ததற்கு நான்தான் பொறுப்பு.
மறுபடி ஒரு நல்ல பந்து.
ஜோஸ்லின் காற்றில் தயார்.
இடதுகோடியில் தடுக்க ஒரே ஒருத்தி.
யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம்.
ருசி கண்ட பூனை, நானே தட்டினேன்.
நெட்டைப்பெண் இந்த முறை ஜோஸ்லினோடு எழும்பவில்லை.
பந்து திரும்பி வந்து
என் ஷூவின் மேலேயே விழுந்தது.

இருபத்தைந்துக்கு இருபத்தேழு. ஆட்டம் முடிந்தது.

பேருந்தில் யாரும் பேசவில்லை.
முன்சீட்டில் ரெனாட்டா
சின்ன விளக்கின் கீழ் வெள்ளிக்கிழமைச் சீட்டை வைத்துக்கொண்டு
ஒரு கட்டத்தில் எழுதினாள், அடித்தாள், எழுதினாள்.
எந்தக் கட்டம் என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.
மோதிர விரல் ஐஸ் பைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

யார்க் ஊர் விளக்குகள் தாண்டியதும்
ஓடெஸ்ஸா காலை மடக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
நல்ல கையைக் காட்டு என்றாள்.
காட்டினேன்.
ஒரு தட்டு.
கொஞ்சம் பலமாகவே.