ஜன்னலில் ஐந்து துண்டுகள்

போன சித்திரையில் ஒட்டினேன்,
கிழக்கு ஜன்னல் கண்ணாடியில், முகம் வெளியே பார்க்க,
ஐந்து காகிதத் துண்டுகள்.
ஐந்திலும் ஒரே வஞ்சிரம், ஒரே சிவப்புக் கூடை.
பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி
மறுபாதியைக் காசிமேட்டு வெயிலிடம் விட்டேன்.

பெட்டியில் போட்டிருக்கிறது: நூறு ஆண்டு.
அதன் கீழே பொடி எழுத்தில்:
குளிர்ந்த அறை, கண்ணாடிச் சட்டம்,
ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டாமல்.
ஐம்பதுக்குக் கீழே இறங்கிய நாளை
என் மானி இன்னும் பார்க்கவில்லை.
காலையில் பிரித்த தாள்
மதியத்துக்குள் நமுத்த அப்பளம்.

பங்குனியில் அட்டையை எடுத்தேன்.
பளபளப்புத் தாளில் கூடை செங்கல் ஆகியிருந்தது.
பளீர் வெள்ளை என்று விற்ற தாள்
டீ குடித்திருந்தது.
அதன் வெள்ளை அதனுடையதே இல்லை,
வண்ணாரப்பேட்டையில் வேட்டிக்குப் போடும்
சொட்டு நீலம் மாதிரி ஒரு பூச்சு;
வெயில் அலசி முடித்ததும்
உள்ளிருந்த மஞ்சள் எழுந்து வந்தது.
பேரைட்டா தாங்கியது. ஆனால் மேலெல்லாம் புள்ளிகள்,
எண்ணூர்ச் சாம்பலா, கடல் உப்பா,
லென்ஸ் வைத்தும் பிடிபடவில்லை.
ஒன்று ஐப்பசி மழையில் கழன்று
ஜன்னல் இடுக்கில் கூழானது. கணக்கில் சேர்க்கவில்லை.
பருத்தித் தாள் வந்த அன்றே மோர் நிறம்.
இன்றும் அதே மோர்.
மூடியதற்கும் மூடாததற்கும் நடுவே கோடு எங்கே என்று
விரலால் தேடினேன்.

குறித்துக்கொண்டிருக்கும்போது வந்தார்
மீன் ஏலம் கூவும் ஜெசிந்தாக்கா.
படம் அவருடையதுதான்:
விடியாத மூன்றரை மணி, குழல்விளக்கு,
தூக்கிய கை, முழங்கை வரைக்கும் செதில்.
மூன்றடிக்கு இரண்டடி வேண்டுமாம்.

பருத்தித் தாளை நீட்டினேன். தடவிப் பார்த்தார்.
"துணி மாரி கீது."
"நூறு வருஷம் நிக்கும்க்கா."
"செதிலு மின்னலியே?"

மின்னாது. மினுக்கத்தைக் குடித்துவிடும் தாள் அது.
கறுப்பும் அதில் முழுக் கறுப்பில்லை,
படகு திரும்புகிற நேரத்துக் கறுப்பு.
எனக்குப் பிடித்தது அதுதான் என்றும் சொன்னேன்.
அவர் பளபளப்பின்மேல் விரலை வைத்தார்.
ரேகை பதிந்தது.

"அது மூணு வருஷம் தாங்கினா அதிகம்."
"எங்க மாட்டப்போறேன்னு கேட்டியா நீ?"
கேட்கவில்லை.
"ஐஸ் கொட்டா வாசல்ல. எனக்குத் துட்டு தரணும்னு இருக்கறவன் அத்தினி பேரும்
அங்கதான் வந்தாவணும்.
மூணு வருஷத்துல வசூல் பண்ணிருவேன்.
நூறு வருஷம் கழிச்சி எவன்கிட்ட போயி கேக்கறது?"

அடித்துக் கொடுத்தேன்.
சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்,
மை காய ஒரு நாள் ஆகும் என்றதைக்
கேட்காதவர் மாதிரி.

வெட்டியெடுத்த ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சியது,
முழங்கை, நாலைந்து செதில்.
காலியான இடத்தில் அதை ஒட்டியிருக்கிறேன்,
அட்டையே இல்லாமல்.
பிற்பாடு எதோடு வைத்து ஒப்பிடுவது என்று தெரியாது.
மூன்று வருஷத்தில் பார்க்க வேண்டும்,
வசூல் எவ்வளவு என்பதையும்.