விவேகானந்தா மேடு, பன்னிரண்டு பத்து

நாற்பத்திரண்டு சோத்துப் பார்சல் பின் சீட்டில்.
பருப்பு வாளி பக்கத்துச் சீட்டின் காலடியில்,
அதன் மூடி நேற்றே சரியில்லை.
மேட்டின் நடு வயிற்றில் லொறி ஒன்று நிற்க
நானும் நிற்கிறேன்.

கண்ணாடியில் ஓர் ஓட்டோ.
முட்டுகிற தூரம்கூட இல்லை,
மூச்சுப் படுகிற தூரம்.
அதன் நெற்றியில் சிங்களத்தில் ஏதோ எழுதியிருக்கிறது.
கண்ணாடி திருப்பிப் போட்டதில்
அது இப்போது எந்த மொழியிலும் இல்லை.

போன மாதம் இதே இடத்தில்
மாருதி பின்னே வழுக்கி
நிஸ்தார் நானாவின் ஹெட்லைட்டுக்கு
நாலாயிரம் கொடுத்தேன்.
அன்றைய லாபம் மூவாயிரத்து எண்ணூறு.

லொறி நகர்கிறது.
ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்கட்டும்.
முதலாம் கியர்.
கிளட்சை விடு, இன்னும், இன்னும் ஒரு நூல்,
அக்சிலேட்டரில் பெருவிரல் மட்டும்.
வண்டியின் மூக்கு நிமிர்கிறது.
ஸ்டியரிங்கில் ஒரு சின்னக் குளிர்காய்ச்சல்.
இப்போது
பிரேக்கை இறக்குகிறேன்.

போகவில்லை.
விழவுமில்லை.
மேடு கீழே இழுக்கிற அளவுக்கே
எஞ்சின் மேலே இழுக்க,
யாரும் பிடிக்காமல் நிற்கிறோம்
நானும் நாற்பத்திரண்டு பேரின் பசியும்.

பின்னால் ஹோர்ன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டியதிலிருந்து
நான் சும்மா நின்ற இடம் இது ஒன்றுதான்.
இன்னும் ஒரு தரம் அடிக்கட்டும்,
போகிறேன்.

புதுக்கடைக்கு நேரத்தோடு வந்துவிட்டேன்.
வாளி மூடிதான் எங்கோ கழன்றிருக்கிறது.
கால்மிதி முழுக்கப் பருப்பு.