பத்தொன்பது தண்ணி

மீட்டர் செத்து நாலு வருஷம்.
இரண்டு லட்சத்துப் பதிமூவாயிரத்து நானூற்றேழில்
எண்கள் கண்மூடின.
அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் கடவுள் கணக்கு.

கதவில் இன்னும் ஏதோ ஜப்பான் கம்பெனியின் பெயர்.
அவர்கள் என்ன விற்றார்களோ,
நாங்கள் ஆள் ஏற்றுகிறோம்,
மோல்மீன் சந்தையிலிருந்து சைக்மரோ வரைக்கும்.
உள்ளே பதினாறு பேர், கூரையில் வெங்காயம்,
பின்பலகையில் தொங்குகிறவர்களிடம் காசு வாங்குவேன்
எண்ண மாட்டேன்.

பாதி வண்டி என்னுடையது,
பாதி கொழுந்தன் மாசிலாமணியுடையது.
ஏறி இறங்குகிறவர்களுக்கு அவன் கோ ஸா.
எந்தப் பாதி யாருடையது என்று
வண்டி ஊளையிடும்வரை
இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஊளை என்றால்,
ஆக்சிலேட்டரை மிதித்தால் அடங்கும்.
காலை எடுத்த நிமிஷம்
பின்னச்சுக்குள் யாரோ சங்கு ஊதுவார்கள்.
சங்குச் சத்தம் கேட்டால்
எந்த வீடு என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

தெட் பைங் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
அடியில் நுழைந்தான்.
வடிக்கும் நட்டைத் தொடவில்லை,
மேலே ஊற்றும் நட்டைத்தான் முதலில் அசைத்துப் பார்த்தான்.
"இது திறக்காமல் அதைத் திறந்தால்
வயிறு காலியாய் இங்கேயே நிற்கும்" என்றான்.
இரும்புக் குழாயை ஸ்பானரில் மாட்டி மிதித்தான்.
திறந்தது.
கந்தக நாற்றம், கெட்ட முட்டைபோல.

கருப்பாய் வரும் என்று சட்டியோடு குந்தியிருந்தேன்.
வந்தது பால் டீ.
பதினோரு மணிக்கு டீக்கடையில் தருவார்களே
அதே நிறம், மேலே ஆடைகூட.
நட்டின் காந்த நுனியில் இரும்புத்தூள்
நனைந்த பூனைக்குட்டியின் முடியாய் ஒட்டியிருந்தது.
விரலால் தேய்த்துப் பார்த்தேன்.
எங்கள் வண்டி
எங்களுக்குத் தெரியாமல்
தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றணும்?
"புத்தகத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்."
மீட்டர்தான் போய்விட்டதே.
"அப்படியென்றால் அச்சு எத்தனை தடவை முங்கியது,
அதைச் சொல்லு."

ஓடிச் சூடான அச்சு
குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால்
ஒரு மூச்சு உள்ளே இழுக்குமாம்.
மூச்சுத் துளைக்கு மூடி ஒன்று இருந்திருக்கிறது,
எங்கே விழுந்ததோ.
ஆகவே அத்தரான் ஆற்றை
கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடிப்போய்
வரவு நோட்டைக் கொண்டுவந்தேன்.
வசூல் குறைந்த நாட்களில்
ஓரத்தில் "தண்ணி" என்று எழுதுவது என் வழக்கம்,
கொழுந்தன் சந்தேகப்படாமல் இருப்பதற்காக.
ஆனி, ஆடி, ஆவணி.
விரல் வைத்து எண்ணினேன்.
பத்தொன்பது தண்ணி.

தெட் பைங் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரித்தான்.
"மீட்டர் இருக்கிறதே" என்றான்.

புது எண்ணெய் ஊற்றி
துளைக்குள் விரல்விட்டான்.
முதல் கணு நனைந்தது, போதும்.
டப்பாவில் ஒன்றரை லிட்டர் மிச்சம்.
கியர் பெட்டிக்கும் அதையே ஊற்று,
காசுக்காசா என்றான் மாசிலாமணி.
தெட் பைங் உள்ளங்கையால் துளையைப் பொத்திக்கொண்டான்.
அங்கே உள்ளே பித்தளை வளையங்கள்,
பின்னச்சின் எண்ணெய் அதைத் தின்றுவிடும்.
ஒரே வண்டிதானே என்றால் கேட்கவில்லை.
ஒரே ஆளுக்கு இரண்டு பேர் இருப்பதை
மாசிலாமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை,
முணுமுணுத்தபடி
வேறு டப்பா வாங்கப் போனான்.

பின்னச்சு எண்ணெய்க் காசு என் பாதியில் எழுதினேன்.
கியர் எண்ணெய் அவன் பாதியில்.
அவன் இன்னும் பார்க்கவில்லை.

சைக்மரோ இறக்கத்தில் காலை எடுக்கச் சொன்னேன்.
சங்கு இல்லை.
மெல்லிய முனகல் மட்டும்,
முன்பே தேய்ந்தது தேய்ந்ததுதான்.

மிச்ச ஒன்றரை லிட்டர்
அடுப்பங்கரை அலமாரியில், மீன் சாறு பாட்டிலுக்குப் பக்கத்தில்.
இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்
சாப்பிடக் கூடாது என்று.
வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.
நோட்டில் புதுப் பக்கம்,
ஓரம் காலியாய்.