ஒரு காற்புள்ளியைக் காணோம்

லியெபாயாவில் பிப்ரவரி. மணி ஒன்பதரை.
நகராட்சிக் குழுவின் ஏழு பேரும்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஊர் வீடுகளுக்கெல்லாம் குழாய்வழி சூடு அனுப்பும்
எங்கள் அலுவலகத்தில்
இன்று பார்த்து ஹீட்டர் வேலை செய்யவில்லை.

வேஸ்மா திரையைப் பகிரப் போகிறாள்.
அதற்கு முன்னால் மூலைக்குப் போய்
பிறைநிலாப் படத்தை ஒருமுறை அழுத்துகிறாள்.
அழுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.
புள்ளி வைத்த எழுத்துபோல்
அவள் கணினி வாயை மூடிக்கொள்கிறது.

போன வருஷம், இதே அறை, இதே சுவர்.
பழைய குழாய்களின் துருவைப் பற்றி
அவள் பேசிக்கொண்டிருக்கும்போது
வலது மூலையில் சின்னப் பெட்டி ஒன்று எழும்பி வந்தது:
"வழுக்கை மறுபடி தூங்குது பார்."
பக்கத்தில் என் பெயர். என் முகம்.
மீன்பிடிக்கப் போன இடத்தில் எடுத்தது,
பல்லெல்லாம் தெரிய.

ஐந்து விநாடிதான் நிற்கும் அந்தப் பெட்டி.
ஐந்து விநாடிக்குள்
குன்வால்திஸ் கண்ணைத் திறந்தார்,
படித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொண்டு இன்னொருமுறை படித்தார்.

அதற்கப்புறம் மூன்று மாதம்
வேஸ்மா என்னோடு வேலை மட்டும்தான் பேசினாள்.
அதுவும் எழுத்தில். அதுவும் முற்றுப்புள்ளியோடு.
"சரி." "பார்த்தேன்." "அனுப்பியாயிற்று."
ஒருநாள் காபி இயந்திரத்தின் முன்னால்
நானே சொன்னேன்:
மேடையேறும் முன் எல்லாவற்றையும் அடக்கிவிடு,
நான் செத்துப்போன செய்திகூட
உனக்கு வந்து சேரக்கூடாது.
அவள் சிரிக்கவில்லை.
சர்க்கரைப் பொட்டலத்தை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

இப்போது பதினான்காம் பக்கம்.
இந்த வருஷம் மாற்றவேண்டிய குழாய்:
47 கிலோமீட்டர்.

நாற்பத்தேழா?

அட்டவணையை நேற்று ராத்திரி ஒட்டியது நான்.
நாலுக்கும் ஏழுக்கும் நடுவே, இந்த ஊர் வழக்கப்படி,
ஒரு காற்புள்ளி இருந்தது.
கோப்பு மாறும்போது எங்கேயோ உதிர்ந்திருக்கிறது.
நாற்பத்தேழு கிலோமீட்டர் போட்டால்
எங்கள் வெந்நீர் ஊரெல்லையைத் தாண்டி
யாரோ ஒருவருடைய பீட்ரூட் வயலுக்குக்
கணகணப்புக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கும்.

மேசைக்கடியில் கட்டைவிரல் ஓடுகிறது.
"பக்கம் 14. காற்புள்ளி."
"வேஸ்மா 14!!"
"நிறுத்து"
வேஸ்மா அறிவிப்புகளை நிறுத்திவைத்திருக்கிறார்,
என்கிறது மென்பொருள், எனக்கே.
அப்புறம், பணிவோடு:
இருந்தாலும் இடையூறு செய்யவா?

அழுத்தினால் போகும்.
அதே மூலை, அதே சுவர்,
அதே மீனும் அதே பல்லும்.
விரல் பொத்தானுக்கு மேலே
அரிசி மணி அளவு தூரத்தில் நிற்கிறது.

எனக்கு ஒரு வாய் இருந்ததே,
எழுந்து சொல்லியிருக்கலாமே என்று
மத்தியானம் சூப் குடிக்கும்போதுதான் தோன்றியது.

"அங்கே ஒரு காற்புள்ளியைக் காணோம்."
குன்வால்திஸ்.
வேஸ்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்,
மன்னிப்புக் கேட்டாள், திருத்தினாள்,
காது மட்டும் சிவந்திருந்தது.
"இன்றைக்குக் குளிர்," என்றார் அவர்,
குறிப்பாக யாரிடமும் இல்லாமல்.
"தூக்கம் வரவில்லை."

கேள்விகள் முடிந்தன. கையெழுத்தும் ஆயிற்று.
அவள் மூச்சை விட்டாள்,
பிறைநிலாவை மறுபடி அழுத்தினாள்.
பகிர்ந்த திரையை நிறுத்தத்தான் மறந்துபோனாள்.

பக்கம் 14. காற்புள்ளி.
வேஸ்மா 14!!
நிறுத்து

ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்று முறை என் சிரிப்பு.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த குன்வால்திஸ்
நின்றார்.
கண்ணாடியைக் கழற்றினார்.